இருபதாம் பக்கத்துக் கிளிப்பு

பக்கம் திருப்பறவன் சார் நான். இல்லல்ல, புக் பைண்டிங் இல்லை. மேடையில பியானோ வாசிக்கறாங்க பாருங்க, அவங்க பக்கத்துல ஒரு சின்ன நாற்காலி போட்டு ஒருத்தன் உக்காந்திருப்பான். வாசிக்கறவங்களுக்கு ரெண்டு கையும் கட்டை மேல. நோட்டேஷன் புக்குல பக்கம் முடிஞ்சா யார் திருப்பறது? அவன்தான் திருப்பணும். அவன்தான் நான். இருபத்திரெண்டு வருஷமா மெட்ராஸ்ல எந்த பியானோ கச்சேரிக்குப் போயிருந்தாலும் என்னைப் பார்த்திருப்பீங்க. பார்த்திருப்பீங்க என்ன, பார்த்திருக்க மாட்டீங்க. அதுதான் அந்த வேலையே.

நீங்க இந்த பஸ்ல வாலாஜா வரைக்குமா? நல்லதாப் போச்சு. நான் வேலூர். பொண்ணு வீட்டுக்கு. பேரு தைரியநாதன். பெரம்பூர்.

சுலபம்னு நினைக்காதீங்க. வாட்ச் கட்டக் கூடாது, சென்ட் போடக் கூடாது, மத்தியானம் வெங்காயம் ஆகாது. எந்திரிச்சு நின்னு இடது கையால மேல் மூலையைப் புடிச்சுத் திருப்பணும், நம்ம நிழல் கட்டை மேல விழக் கூடாது. ஜனங்க கைதட்டறப்போ நாம எந்திரிக்கக் கூடாது, அது நமக்கு இல்லை. ஒரு தடவை மூக்கு மேல கொசு உக்காந்துச்சு. அது குடிச்சு முடிச்சு, அதுவா எந்திரிச்சுப் போற வரைக்கும் அப்படியே இருந்தேன். மோதிரமும் போடக் கூடாது. அதுல எனக்குக் கஷ்டமே இல்லை. வலது கை மோதிர விரல்ல பாதி தொண்ணூத்தி நாலுல ரயில்வே ஒர்க் ஷாப்லயே தங்கிடுச்சு. மேடையில அந்தக் கையைத் தொடைக்கடியில வெச்சிப்பேன். பழக்கம்.

ஃபிட்டர் சார் நான். ரிட்டயர் ஆயி நாலு வருஷம் ஆச்சு. எட்டாவதோட நின்னுட்டு, வேலைக்குச் சேர்ந்தப்புறம் சர்ச் வளாகத்துல நடந்த நைட் ஸ்கூல்ல பத்தாவது முடிச்சேன். ஒரே ரூம், நடுவுல ரெண்டு பீரோ. பீரோவுக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு அல்ஜீப்ரா. அந்தப் பக்கம் சர்ச்சுல கூடிப் பாடற கொயர்காரங்களுக்கு நோட்டேஷன். எனக்கு அல்ஜீப்ரா வரலை, நோட்டேஷன் வந்துடுச்சு. ஃபீஸ் கட்டினது அல்ஜீப்ராவுக்கு. கொயர்காரன் இன்னைக்கு வரைக்கும் என்னை மதிக்க மாட்டான்.

சரி, அது போகட்டும். நான் சொல்ல வந்தது டாக்டர் ப்ரிசில்லா ராஜரத்தினம் எனக்குப் பண்ணின அநியாயத்தை. டாக்டர்னா ஊசி போடற டாக்டர் இல்லை. வியன்னாவுல பியானோவுக்கு வாங்கின டாக்டர். கீழ்ப்பாக்கத்துல வீடு. நாப்பது வயசு இருக்கும், என்னை அங்கிள்னு கூப்பிடுவாங்க. முப்பத்தஞ்சு வருஷம் ஒர்க் ஷாப்ல ஒருத்தன் என்னை அங்கிள்னு கூப்பிட்டதில்லை சார்.

ஒரு நாள் மூர் மார்க்கெட் பக்கம் பழைய புக்கு பார்த்துக்கிட்டிருந்தேன். அந்தக் காலத்துல ரஷ்யாவுலேர்ந்து இன்ஜினியரிங் புக்கு மலிவு விலையில கொட்டும், ஞாபகமிருக்கா? அந்த மாதிரி ஒரு கட்டு. மேல லேத் மெஷின் புக்கு, கீழ பாய்லர் புக்கு, நடுவுல பச்சை அட்டையில ஒரு நோட்டேஷன் புக்கு. எவனோ தெரியாம சேர்த்துக் கட்டி அனுப்பிட்டான். அட்டையில இருந்த எழுத்து எனக்குப் புரியலை. ஆனா நோட்டேஷனுக்கு மொழி கிடையாது சார், ரஷ்யாவுல போட்டாலும் ராயபுரத்துல போட்டாலும் அதே அஞ்சு கோடுதான்.

வீட்டுக்கு வந்து டிக்‌ஷனரி வெச்சு எழுத்தெழுத்தாக் கூட்டினேன். மிர்த்தா ஸெல்மின். லாட்வியாக்காரம்மா. ‘பனிக்கால நோட்டு’ன்னு பேரு, ஏழு உருப்படி. நெட்டுல தேடினா மூணு வரி போட்டிருக்கான். பொறந்தாங்க, பசங்களுக்குப் பாட்டு சொல்லிக் குடுத்தாங்க, செத்தாங்க. அவ்வளவுதான். ஒரு ரெக்கார்டு கிடையாது. ஒருத்தரும் வாசிச்ச மாதிரி தெரியலை.

ஏழுல ஆறு நமக்கு ஆகாது. விரல் பறக்கணும். ஆனா அஞ்சாவது இருக்கே. ரெண்டு கையும் சேர்ந்து ஒரே ஒரு அமுக்கு. அப்புறம் சும்மா இருக்கணும். எவ்வளவு நேரம்? அந்தச் சத்தம் தானாக் கரைஞ்சு காணாமப் போற வரைக்கும். திரும்ப அதே அமுக்கு, ஆனா ஒரே ஒரு விரல் பக்கத்துக் கட்டைக்கு நகர்ந்திருக்கும். நாலு பக்கமும் இதுதான். வலது கைக்கு மூணு விரல் போதும்.

ஒர்க் ஷாப்ல சாயங்காலம் சைரன் ஊதினதும் மெஷினெல்லாம் ஒண்ணொண்ணா நிக்கும். கடைசி மெஷினும் நின்னப்புறம் ஒரு சத்தம் இருக்கும். இருக்காது, ஆனா இருக்கும். வெளியாளுக்குச் சொன்னா பைத்தியம்னுவான். அந்தம்மா எங்கியோ லாட்வியாவுல உக்காந்து அதை எழுதி வெச்சிருக்காங்க சார். சர்ச் ஹால்ல ஒரு பழைய பியானோ இருக்கு, கல்யாண ரிசப்ஷனுக்குப் பொக்கே வெக்கறதுக்கு. அதுல வாசிச்சு வாசிச்சு, ரெண்டு வருஷத்துல நாலு பக்கத்தையும் முழுசாக் கைக்குள்ள கொண்டு வந்துட்டேன். யார்கிட்டயும் சொல்லலை. யார் கேட்டா?

அப்புறம்தான் புத்தி கெட்டுப்போய் புக்கை ப்ரிசில்லா மேடம்கிட்ட குடுத்தேன். மூணாவது நாள் போன்.

“அங்கிள், இதை எங்க புடிச்சீங்க? பொக்கிஷம் அங்கிள் இது! ஆகஸ்ட்ல வாசிக்கறேன்.”

ஆகஸ்ட் வந்துச்சு. ப்ரோக்ராம் நோட்டீஸ் அடிச்சாங்க. ‘இந்தியாவில் முதன்முறையாக. கண்டெடுத்து வழங்குபவர்: டாக்டர் ப்ரிசில்லா ராஜரத்தினம்.’ கண்டெடுத்தவராம்! மூர் மார்க்கெட் எந்தப் பக்கம் இருக்குன்னு கேட்டா அவங்களுக்கு டிரைவர்தான் சொல்லணும். சரி, நம்ம பேரு எந்த நோட்டீஸ்ல வந்திருக்கு, விட்டுட்டேன். நான் அதுக்கெல்லாம் கோபப்படற ஆள் இல்லை. அந்த நோட்டீஸ் இன்னும் வீட்ல இருக்கு, நீங்களே பார்க்கலாம், சிவப்புப் பேனாவுல கோடு போட்டு வெச்சிருக்கேன்.

கச்சேரிக்கு முந்தின நாள் ஒத்திகை. புக்கைத் திறக்கறேன், இருபதாம் பக்கத்துலேர்ந்து இருபத்தி மூணு வரைக்கும் தாளைச் சேர்த்து ஒரு கறுப்புக் கிளிப்பு போட்டிருக்கு. எங்க தொழில்ல அதுக்கு ஒரே அர்த்தம்தான். இது கிடையாது, தாண்டிப் போயிடு.

“மேடம், அஞ்சாவது?”

“அது வேணாம் அங்கிள். நாலு முடிஞ்சதும் நேரா ஆறு.”

“ஏன் மேடம்?”

“அதுல ஒண்ணுமே இல்லையே. டொங்னு ஒண்ணு, அப்புறம் அரை நிமிஷம் சும்மா. ஜனங்க வாசிச்சு முடிச்சாச்சுன்னு எந்திரிச்சுப் போயிடுவாங்க.”

“சும்மா இருக்கறதுதானே மேடம் அதுல...”

“அங்கிள், நீங்க திருப்புங்க. நான் வாசிக்கறேன். சரியா?”

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. அதான் இன்னும் மோசம்.

மறுநாள் எழும்பூர்ல ஹால். நூத்தம்பது பேர் இருக்கும். இடைவேளையில உள் ரூம்ல மேடம் வெந்நீர் குடிச்சிக்கிட்டிருந்தாங்க. புக்கு என் கையில. நான் செஞ்சதெல்லாம் ஒண்ணுதான், அந்தக் கிளிப்பை எடுத்துப் பாக்கெட்ல போட்டேன். புக்குல ஒரு எழுத்து மாத்தலை, ஒரு தாளைக் கிழிக்கலை. ஸெல்மின் அம்மா எழுதின வரிசையில திருப்பினேன். பக்கம் திருப்பறவன் பக்கத்தைத் திருப்பறது குத்தமா?

நாலாவது முடிஞ்சுது. தலையை ஆட்டினாங்க. எந்திரிச்சேன், திருப்பினேன். இருபதாம் பக்கம்.

கை மேல நிக்குது சார். கட்டைக்கு மேல, அந்தரத்துல. என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. நான் புக்கைப் பார்த்துக்கிட்டிருந்தேன். எங்க வேலையில முகத்துக்கு இடமில்லை. பத்து செகண்டு போயிருக்கும். பின் வரிசையில ஒருத்தர் இருமினாரு. நெத்தியில வேர்வை வழிஞ்சு மூக்கு நுனியில நிக்குது அவங்களுக்கு. அப்புறம் அமுக்கினாங்க.

முதல் அமுக்கு கரையறதுக்குள்ள ஒருத்தன் கைதட்டினான். பக்கத்து ஆள் அவனை அடக்கினான். ரெண்டாவதுக்கு ஒரு குடும்பமே எந்திரிச்சுப் போச்சு, தொப்பி போட்ட பையன் உள்பட. மூணாவதுக்கு யாரோ சிரிச்சாங்க. நான் அவங்களைத் தப்பு சொல்ல மாட்டேன், வளர்ப்பு அப்படி. இருபத்தி ரெண்டாம் பக்கம் திருப்பறப்போ ஹால்ல சத்தமே இல்லை சார். ஏசி மெஷின் ஓடறது கேக்குது. எல்லாரும் அந்தச் சத்தம் எங்க போகுதுன்னு அது பின்னாடியே போறாங்க. அவங்களும்தான். மேடமும்தான். வாசிச்சாங்க. நல்லா வாசிச்சாங்களான்னு கேட்டா, பதினோராவது அமுக்குல கொஞ்சம் அவசரம். மத்தபடி... சரி, வாசிச்சாங்க. என் காதுல விழுந்த மாதிரியே நூத்தம்பது பேர் காதுல விழுந்துச்சு. அதை நான் மறுக்கலை.

கதை இங்கயே முடிஞ்சிருந்தா நான் ஏன் உங்ககிட்ட புலம்பப் போறேன்?

ரெண்டு நாள் கழிச்சுப் பேப்பர்ல பேட்டி. ‘அந்த ஐந்தாவது உருப்படியை வாசிப்பதாகவே இல்லை. பக்கங்களைச் சேர்த்திருந்த கிளிப் எப்படியோ கழன்று விழுந்துவிட்டது. அது கர்த்தருடைய சித்தம் என்று நினைக்கிறேன்.’

கர்த்தருடைய சித்தம்! புக்கைக் கண்டுபுடிச்சது நான், பேரு அவங்களுக்கு. கிளிப்பை எடுத்தது நான், பேரு கர்த்தருக்கு. நான் கர்த்தருக்கு விரோதி இல்லை சார், ஞாயித்துக்கிழமை தவறினதில்லை. ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல? அன்னைக்கு இடைவேளையில அவர் அந்த ரூம் பக்கமே வரலை.

வெளியில சொல்லவும் முடியலை. நான்தான் எடுத்தேன்னு சொன்னா, ஏண்டா எடுத்தேன்னு கேப்பான். கொயர்காரன்கிட்ட மட்டும் சொல்லிப் பார்த்தேன். “தைரியம், உனக்கு வயசாயிடுச்சு, தூக்க மாத்திரையைக் குறை”ங்கறான்.

ஏழு மாசம் பொறுத்தேன். இடையில அவங்க நாலு தடவை போன் பண்ணாங்க, நான் எடுக்கலை. தெரியட்டும்னு. போன வாரம் நேரா கீழ்ப்பாக்கத்துக்கே போயிட்டேன். உக்காருங்க அங்கிள்னாங்க. உக்காரலை.

“மேடம், அந்தக் கிளிப்பு தானா விழலை. நான்தான் எடுத்தேன்.”

“தெரியும் அங்கிள்.”

எப்படி இருக்கும் எனக்கு?

“தெரியுமா? எப்படித் தெரியும்?”

“கச்சேரிக்கு மறுநாள் ஞாயித்துக்கிழமை உங்க சர்ச்சுக்கு வந்திருந்தேன். உங்க பாட்டுப் புத்தகத்துல அதே கிளிப்பைத்தானே போட்டு வெச்சிருந்தீங்க. எனக்கு முன் வரிசையிலதான் நின்னீங்க.”

நல்ல கிளிப்பு சார் அது. தூக்கிப் போட மனசு வருமா?

“தெரிஞ்சிருந்தும் கர்த்தர்னு ஏன் மேடம் சொன்னீங்க?”

“பின்ன? தைரியநாதன் அங்கிள் நடு மேடையில என்னைக் கவுத்துட்டாருன்னு சொல்லவா? அதுக்கப்புறம் எந்த மேடையில உங்களை உக்கார வெப்பான்? இருபத்திரெண்டு வருஷம் அங்கிள். யோசிச்சீங்களா?”

காப்பாத்தினாங்களாம் சார் என்னை! நான் கேட்டேனா? கேக்காம ஒருத்தனைக் காப்பாத்தறது எவ்வளவு பெரிய அவமானம், சொல்லுங்க. நான் அதைச் சொன்னேன். அவ்வளவுதான், அவங்களுக்கும் ஏறிடுச்சு.

“அவமானமா? ப்ராக்டீஸே பண்ணாத நாலு பக்கம் அங்கிள்! நூத்தம்பது பேர் முன்னாடி! ரெண்டு மாசம் எனக்குத் தூக்கம் இல்லை. அந்தப் புக்கைத் தொடவே இல்லை. சத்தமில்லாம உக்காந்து கழுத்தறுக்கற ஆளு நீங்க. உங்களுக்கு அது வேணும்னா வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். ‘மேடம், எனக்காக வாசிங்க’ன்னு ஒரு வார்த்தை. வாசிச்சிருக்க மாட்டேனா?”

கேக்கறதாம்! நானு! அவங்ககிட்ட!

“எனக்கு எதுக்கு மேடம் நீங்க வாசிக்கணும்? உங்களைவிட அதை நான் நல்லா வாசிப்பேன்”னுட்டேன். வாயில வந்துடுச்சு.

மேடம் எந்திரிச்சாங்க. பியானோ மூடியைத் திறந்து விட்டுட்டு, “வாசிங்க”ன்னு தள்ளி நின்னாங்க.

வாசிச்சேன் சார். ஏன் வாசிச்சேன்னு தெரியலை. நாலு பக்கமும். நம்ம சர்ச் ஹால் பியானோ மாதிரி இல்லை அது, ஒரு தடவை அமுக்கினா தெருக்கோடி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வருது. முடிச்சுட்டுத் திரும்பிப் பார்த்தா மேடம் ஜன்னலைப் பார்த்து நிக்கறாங்க. மூக்கை உறிஞ்சறாங்க. ஜலதோஷம் போல.

“வெள்ளிக்கிழமை திரும்ப ‘பனிக்கால நோட்டு’ போடறேன் அங்கிள். அதே ஹால். அஞ்சாவதை நீங்க வாசிக்கறீங்க.”

“நானா? ஜனங்க...”

“ஜனங்களுக்கு நான் சொல்லிக்கறேன். இதைக் கண்டுபுடிச்சதே நீங்கதான்னு மேடையிலயே சொல்றேன். விரலைப் பத்திக் கவலைப்படாதீங்க, அதையெல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்க.”

கேட்டீங்களா? விரலைப் பத்தி! யார் அவங்ககிட்ட விரலைப் பத்திப் பேசினது? இருபத்திரெண்டு வருஷம் தொடைக்கடியில வெச்சிருக்கேன், இவங்க எப்போ பார்த்தாங்க? செருப்பை மாட்டிக்கிட்டேன். முடியாதுன்னுட்டேன். வாசப்படி வரைக்கும் வந்தாங்க, கத்திக்கிட்டே.

“நாலாவது முடிஞ்சதும் நான் எந்திரிச்சு நிப்பேன் அங்கிள். பியானோ முன்னாடி சீட்டு காலியா இருக்கும். பக்கத்துல உங்க நாற்காலியில நான் உக்காந்து உங்களுக்குத் திருப்பறேன். நீங்க வந்தா அஞ்சாவது. வரலைன்னா நேரா ஆறு. நான் அதை இனிமே வாசிக்கறதா இல்லை. அது உங்களுது.”

எனக்கு அவங்க திருப்பப் போறாங்களாம்! திருப்பறது என்ன லேசான வேலையா? அவங்களுக்கு எங்க தெரியும், எந்தக் கையால திருப்பணும்னு? சத்தம் கரையறதுக்கு முன்னாடியே எந்திரிச்சிடுவாங்க, பட்டுப் புடவை சரசரங்கும், போச்சு.

ஆமா சார், வெள்ளிக்கிழமைதான். இன்னைக்குத்தான். ஆறரைக்கு ஆரம்பிப்பாங்க. முதல் பாதி வேற. இடைவேளைக்கு அப்புறம்தான் நம்ம ஸெல்மின் அம்மா. நாலாவது முடிய ஏழு அம்பது ஆகும். அதான் ஊர்லயே இருக்க வேணாம்னு பூந்தமல்லியில வந்து பஸ் ஏறிட்டேன். பொண்ணு, என்னப்பா திடீர்னுங்கறா. பேரனைப் பார்க்கன்னு சொல்லியிருக்கேன். வேஷ்டி சட்டையா? இதுவா? இது மேடைக்குப் போடறது. அவசரத்துல கைக்குக் கிடைச்சதைப் போட்டுக்கிட்டு வந்தேன்.

இது என்ன, ஸ்ரீபெரும்புதூரா? ஆறு பத்து.

இறங்கறதா? நல்லா சொன்னீங்க. டிக்கெட் வேலூருக்கு எடுத்தாச்சு. எதிர்ல பஸ் நிக்குது, தெரியுது சார், எனக்கும் கண் இருக்கு. ஆமா, ஒன்றரை மணி நேரத்துல எழும்பூர். போயிடலாம்தான். எதுக்குப் போகணும்? அவங்க கத்தினதுக்கா? நீங்களும் அவங்க பக்கம் பேசறீங்க பாருங்க. பேப்பர் படிக்கறவங்க எல்லாரும் இப்படித்தான். இல்லை, கண்டக்டரைக் கூப்பிடாதீங்க. கையை எடுங்க சார், தயவுசெஞ்சு. என் பை அங்கயே இருக்கட்டும்.

கிளம்பிடுச்சு. விடுங்க.

தூங்கறீங்களா? தூங்குங்க. நான் ஒண்ணும் சொல்லலை.

...சார். சார், வாலாஜா வரப் போகுது. எந்திரிங்க. ஏழு அம்பத்திரெண்டு. இப்போ எந்திரிச்சு நிப்பாங்க. நிக்கட்டும். நூத்தம்பது பேரும் காலி சீட்டைப் பார்ப்பாங்க, பார்க்கட்டும். எவ்வளவு நேரம் நிப்பாங்க? ரொம்ப நேரம் நிக்கற ஆள் இல்லை அவங்க. பொறுமை கிடையாது. உக்காந்துடுவாங்க, நேரா ஆறாவது. நாலு பக்கம் அப்படியே போச்சு.

எனக்கென்ன சார் நஷ்டம்? என் கைக்குள்ள இருக்கு, எப்போ வேணா வாசிச்சிப்பேன். நான் நினைக்கறது ஸெல்மின் அம்மாவைத்தான். எங்கியோ கண் காணாத ஊர்ல, பசங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுத்துக்கிட்டு, ஒருத்தரும் கேக்காம எழுதிட்டுப் போனாங்க. இன்னைக்கு ஒரு நாள் கேக்கறதுக்கு ஆள் உக்காந்திருக்கு. வாசிக்கறதுக்கு மெட்ராஸ்ல ஒருத்தருக்கும் மனசு வரலை பாருங்க.